ஓடியவள் சொன்ன செய்தி

1928-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், ஆலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகர ஒலிம்பிக் அரங்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நடைபெற்றது. ஒலிம்பிக் வரலாற்றில் அத்துணைத் தொலைவைப் பெண்கள் ஓடியது அதுவே முதல் முறை. ஒன்பது பெண்கள் ஓடினர். ஒன்பதின்மரும் எல்லைக் கோட்டைக் கடந்தனர். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் முதலாவதாக வந்து உலகச் சாதனை படைத்தார். ஜப்பானின் கினுவே ஹிட்டோமி இரண்டாவது. சுவீடனின் இங்கா கென்ட்ஸல் மூன்றாவது. கனடா நாட்டின் பாபி ரோசன்ஃபெல்டு, தளர்ந்துபோன தம் நாட்டு இளம்பெண் ஜீன் தாம்சனுக்குத் துணையாக அருகிலேயே ஓடி, அவரை நான்காவதாக முன்னே போகவிட்டுத் தாம் ஐந்தாவதாக முடித்தார்.

நடந்தது இது. ஆனால் உலகம் படித்தது வேறு. பதினொரு பெண்கள் ஓடியதாகவும், அவர்களுள் ஐவர் பாதியிலேயே விலகியதாகவும், ஐவர் கோட்டைத் தொட்டதும் சுருண்டு விழுந்ததாகவும் ஏடுகளில் எழுதப்பட்டது. இத்தகைய ஓட்டம் பெண்ணுடலுக்கு ஆகாது என்ற கூச்சல் எழுந்தது. அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து 800 மீட்டர் ஓட்டம் பெண்களுக்கு இல்லை என்றாயிற்று. அது மீண்டும் வந்தது 1960-இல், ரோம் நகரில். இடையில் கழிந்தவை 32 ஆண்டுகள்.

அந்த ஓட்டத்தைப் பதிவு செய்த திரைப்படச் சுருள் எஞ்சியிருக்கிறது. பிற்காலத்து ஆய்வாளர்கள் அதனையும் போட்டிப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏடுகள் எழுதியது பொய் என்று நிறுவினர். ஹதீஸ் கலையைச் சிறிதேனும் பயின்றோர்க்கு இதில் ஒன்று உடனே தட்டுப்படும். ஒரு செய்தியை அறிவிப்பவர் நேரில் கண்டவரா, நினைவாற்றல் உடையவரா, சொல்லில் பிறழாதவரா என்று பார்த்த பிறகே அவர் சொல் ஏற்கப்படும். ஒன்பதைப் பதினொன்று என்று எண்ணியவரின் அறிவிப்பை எந்த முஹத்திஸ் ஏற்றிருப்பார்? ஆயினும் அந்த அறிவிப்பின் மேல் முப்பதாண்டுக் காலச் சட்டம் எழுந்து நின்றது.

இதனினும் நம்மை வருத்துவது மற்றொன்று. அன்று இரண்டாவதாக வந்த ஹிட்டோமி பேனா பிடிக்கத் தெரியாதவர் அல்லர். அவர் ஒசாகா நகரின் மைனிச்சி நாளிதழில் பணியாற்றியவர். தம் விளையாட்டு அனுபவங்களை எழுதியும் வைத்தவர். அந்த ஓட்டத்தில் உடல் என்ன பட்டது, உள்ளம் என்ன பட்டது என்று கேட்டிருந்தால் சொல்லத் தக்கவர். ஓடத் தகுமா என்று தீர்ப்பளிக்க அமர்ந்தவர்களுக்கு, ஓடியவளின் வாய்மொழி வழக்குக்கு வேண்டிய சாட்சியமாகத் தோன்றவில்லை. 1931-இல், அதே ஆகஸ்டு 2-ஆம் நாளில், ஹிட்டோமி நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். வயது 24.

* * *

விளையாடும் பெண்ணைப் பற்றிய வரலாறு நெடுங்காலம் இவ்வாறுதான் எழுதப்பட்டு வந்துள்ளது. எழுதுகோலும் பிறர் கையில். காமிராவும் பிறர் கையில். அந்தப் பிறர் எப்போதும் தீங்கே செய்தனர் என்று சொல்ல மாட்டோம். 1967-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நெடுந்தொலை ஓட்டத்தில் கேத்ரின் சுவிட்ஸர் என்ற மாணவி 261 என்ற எண்ணைத் தாங்கி ஓடினார். பந்தய நிருவாகிகளுள் ஒருவரான ஜாக் செம்பிள் பாய்ந்துவந்து அந்த எண்ணைப் பறிக்க முயன்றார். அருகே சென்ற பத்திரிகையாளர் வண்டியிலிருந்து எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. ஐந்தாண்டுகளில், 1972-இல், அந்த ஓட்டத்தின் வாயில் பெண்களுக்குத் திறக்கப்பட்டது. அந்தப் படங்களுக்கு அதில் பங்குண்டு. எனினும் அவை ஒரு நொடியின் படங்கள்தாம். அந்த நொடிக்கு முன்பு அவள் எத்தனை நாள் எந்த இருளில் எழுந்து ஓடினாள், யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்பது அவற்றில் இல்லை.

காமிராவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த ஆய்வு முறையைத்தான் பங்கேற்புப் புகைப்பட முறை என்கின்றனர். அதன் ஒரு பிரிவுக்கு ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்று பெயர். ‘படக்குரல்’ என்று நாம் தமிழில் சொல்லலாம்.

காமிரா என்றதும் நம் வாசகர்களுள் சிலர்க்கு இரண்டு எண்ணங்கள் எழக்கூடும். ஒன்று பெருமிதம், மற்றொன்று தயக்கம். பெருமிதம், இருட்டறையில் சிறு துளை வழியே ஒளி புகுந்து உருக்காட்டும் விதத்தை ஆராய்ந்தவர் நம் இப்னுல் ஹைதம் (பிறப்பு 965, பஸ்ரா) என்பதால். அந்தப் பெருமிதம் தகும். ‘கிதாபுல் மனாளிர்’ எழுதிய அப்பேரறிஞர், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்தே ஒளி கண்ணுக்கு வருகிறது என்று நிறுவியவர். ஆனால் ‘காமிரா’ என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குவது வேண்டாத வேலை. அது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். உள்ள பெருமை நமக்குப் போதும். இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்?

தயக்கம், உருவம் சமைத்தல் பற்றிய விலக்கால் வருவது. உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்ததும் இருப்பதும் நாம் அறிந்ததே. எகிப்தின் முஃப்தியாக 1914 முதல் சில ஆண்டுகள் விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல் முதீஈ அவர்கள் ஒரு தனி நூல் எழுதி, புகைப்படம் என்பது படைப்பன்று, உள்ள நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று விளக்கி அதனை அனுமதித்தார். ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். நம் பொருளுக்கு இதனினும் நெருக்கமான தயக்கம் வேறொன்று இருக்கிறது. “எங்கள் வீட்டுப் பெண்ணின் படம் ஊரெல்லாம் உலவுவதா?” என்று தந்தையர் கேட்பது அது. அதற்குப் பின்னர் வருவோம்.

* * *

படக்குரலின் பிறப்பிடம் சீன நாட்டின் தென்மேற்கே மலைகள் சூழ்ந்த யுன்னான் மாநிலம். 1992-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு அங்கே பெண்கள் நலத் திட்டம் ஒன்று நடந்தது. கிராமத்துப் பெண்களின் தேவை யாது என்று அறிய வேண்டும். அதிகாரிகளைக் கேட்டால் அதிகாரிகளின் விடை வரும். எழுத்து வினாத்தாள் கொடுத்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது பயன்படாது. காரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டனர். 62 உழவுப் பெண்களிடம் எளிய காமிராக்களைக் கொடுத்து, உங்கள் வாழ்வை நீங்களே எடுங்கள் என்றனர்.

ஓராண்டுக் காலம் அப்பெண்கள் படம் எடுத்தனர். வயலில் வேலை, தண்ணீர் சுமத்தல், பிள்ளை வளர்ப்பு என்று அவர்கள் தேர்ந்ததெல்லாம் அன்றாடம். தாய் வேலை செய்யும்போது கவனிக்க ஆளின்றி வயலோரம் கிடத்தப்பட்ட குழந்தையின் படமும் அவற்றுள் உண்டு. இத்தகைய படங்களைப் பார்த்துப் பேசியதன் விளைவாகக் குழந்தைக் காப்பகம், பேறுகாலப் பணியாளர் பயிற்சி, பெண் குழந்தைகளின் படிப்புக்கு உதவித்தொகை ஆகியவை பற்றி முடிவுகள் பிறந்தன. அவற்றுள் 100 படங்கள் 1995-இல் நூலாகவும் வந்தன.

படம் எடுப்பது இம்முறையில் பாதி வேலைதான். எடுத்தவர்கள் வட்டமாக அமர்ந்து, இதில் நாம் காண்பது என்ன, உண்மையில் நடப்பது என்ன, நம் வாழ்வோடு இதற்கு என்ன தொடர்பு, இந்நிலை ஏன் வந்தது, நாம் என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு படத்தையும் பேசுவார்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1960-களில் எழுத்தறியாத உழவர்களிடையே சித்திரங்களை நடுவில் வைத்து உரையாடலைத் தொடங்கிய முறையின் வழிவந்தது இது. வேறுபாடு யாதெனின், ஃப்ரெய்ரேயின் சித்திரங்களை வரைந்தவர் வேறொருவர். இங்கே படத்தை எடுத்தவரும் பேசுபவரும் ஒருவரே. நம் மதரஸாக்களில் கிதாபை நடுவில் வைத்து முதாலஆவும் முதாகராவும் செய்த பழக்கம் உடைய நமக்கு, ஒரு படத்தை நடுவில் வைத்து இவ்வளவு நேரம் பேசலாம் என்பது வியப்பாகத் தோன்றாது.

பின்னர் இந்த முறை மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவி, விளையாட்டுத் திடலுக்கும் வந்தது. திடலுக்கு வந்தபோது அது மாற்றுருவங்களும் எடுத்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்கி கிரேன் என்ற பேராசிரியையும் அவர் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி விளையாட்டு வீராங்கனைகளிடம், நீங்கள் எப்படிக் காட்டப்பட விரும்புகிறீர்கள் என்று கேட்டனர். இடம், உடை, நிற்கும் நிலை அனைத்தையும் அப்பெண்களே முடிவு செய்ய, அவ்வண்ணமே படங்கள் எடுக்கப்பட்டன. பத்திரிகைகளில் வீராங்கனை அழகுப் பொருளாக நிறுத்தப்படும் நாட்டில் அவர்கள் தேர்ந்தது பெரும்பாலும் தம் விளையாட்டு உடையை, தம் திடலை, தம் வலிமையை. அந்தப் படங்களைப் பின்னர் விளையாடும் சிறுமியரிடம் காட்டியபோது, காமிராவைப் பார்த்துச் சிரித்து நிற்கும் படங்கள் அவர்களுக்குச் செயற்கையாகப் பட்டன. பொத்தானை அழுத்திய விரல் வேறொருவருடையது என்பதால் இதனை அரைப் படக்குரல் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் கேட்கப்பட்ட கேள்வி, ஆம்ஸ்டர்டாமில் எவரும் கேளாத கேள்வி.

* * *

இனி நம் சமுதாயத்துப் பெண்களுக்கு வருவோம். அவர்களைப் பற்றிப் பேசுவோர்க்குக் குறைவில்லை. பேசுவோர் இரு திசையிலும் உளர்.

2011 ஜூன் 3-ஆம் நாள், ஜோர்தானின் அம்மான் நகரில் இலண்டன் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியில் ஆட ஈரான் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி வந்து நின்றது. தலையையும் கழுத்தையும் மூடிய உடை விதிக்கு மாறானது என்று சொல்லி ஆட்டம் தொடங்கும் வேளையில் தடுக்கப்பட்டனர். ஆடாத ஆட்டத்தின் வெற்றி ஜோர்தானுக்கு அளிக்கப்பட்டது. அழுது நின்ற அப்பெண்களின் படங்கள் ஏடுகளில் வந்தன. ஒரு தரப்பார் அவற்றைக் காட்டி மேற்கைச் சாடினர். மற்றொரு தரப்பார் அவற்றையே காட்டி ஈரானைச் சாடினர். பந்து உதைக்க வந்தவர்கள் வாதத்துக்குக் கருவி ஆயினர். ஜோர்தானிய இளவரசர் அலீ பின் ஹுஸைன் முதலானோர் முயன்றதன் பயனாக 2012-இல் சோதனை முறையிலும் 2014-இல் நிலையாகவும் தலைத்துணிக்கு அனுமதி வந்தது. 2023-இல் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா உலகக் கோப்பைப் போட்டியில் தலைத்துணியோடு ஆடிய முதல் பெண்மணி ஆனார். ஆனால் அடுத்த ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில், பிரான்ஸ் தன் அணி வீராங்கனைகள் அதனை அணிவதைத் தடுத்தது.

2016-இல் ரியோ நகரில் எடுக்கப்பட்ட ஒரு படம் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. கடற்கரைக் கைப்பந்துப் போட்டி. வலையின் ஒரு பக்கம் எகிப்தின் துஆ அல்கபாஷி, தலைத்துணியும் முழுக்கை உடையும் அணிந்து எழும்பி நிற்கிறார். மறுபக்கம் ஜெர்மனியின் கீரா வால்கன்ஹோர்ஸ்ட் நீச்சலுடையில். நடுவே பந்து. இரு பண்பாடுகளின் மோதல் என்று தலைப்பிட்டு உலகெங்கும் ஏடுகள் அதனை வெளியிட்டன. படம் பொய்யன்று. ஆனால் எகிப்து அணியில் ஆடியவர் இருவர். நதா மிஅவத் என்ற மற்றவர் உடலை மறைக்கும் நீண்ட உடை அணிந்திருந்தாரே தவிர, தலைத்துணி அணியவில்லை. ஒரே நாடு, ஒரே அணி, இரு பெண்கள், இரு முடிவுகள்! அந்தச் செய்தி ‘மோதல்’ என்ற தலைப்புக்குள் அடங்காது. ஆதலின் அது சட்டகத்துக்கு வெளியே போயிற்று. காமிராவை துஆவிடம் கொடுத்திருந்தால் அவர் எதிரியின் உடையை எடுத்திருப்பாரா, தம் தோழியை எடுத்திருப்பாரா, ஒலிம்பிக் வரை கொண்டுவந்த பந்தை எடுத்திருப்பாரா? நாம் ஊகிக்கலாகாது. ஊகித்தல்தானே இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம்!

நம் தமிழ் மண்ணிலும் சான்று உண்டு. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில், ஆம்ஸ்டர்டாமில் ஓடிய அதே 800 மீட்டர் தொலைவில், புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் இரண்டாவதாக வந்தார். பாலினச் சோதனை என்ற பெயரால் பதக்கம் பறிக்கப்பட்டது. அதன்பின் பல நாட்கள் அவருடைய உடலைப் பற்றி, அவரைத் தவிர எல்லாரும் பேசினர். செங்கற்சூளைத் தொழிலாளர் வீட்டிலிருந்து எழுந்து தோஹா வரை ஓடிய கதை பின்னுக்குப் போயிற்று. பல்லாண்டுகள் கழித்தே அவர் குரல் கேட்கத் தக்கதாயிற்று. தமிழக அரசின் விளையாட்டுப் பயிற்றுநர் பணியும் கிட்டியது.

* * *

பெண் ஓடியதைப் பெண்ணே அறிவித்த ஒரு செய்தி நம் கிதாபுகளில் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நபிபெருமானார் (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி வென்றதும், பின்னொரு காலம் உடல் சதைபிடித்த பிறகு ஓடித் தோற்றதும், அன்றைக்கு இன்றைக்குச் சரியாயிற்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதும் ஓதியவர் அனைவரும் அறிந்தவை. அபூதாவூத் தம் சுனனில் இதனைப் பதிவு செய்துள்ளார். இதன் ராவி யார் என்று நின்று பார்த்தவர் சிலரே. வேடிக்கை பார்த்த எவரும் அல்லர், ஓடிய அன்னையாரே. முஸ்னது அஹ்மதில் வரும் அறிவிப்பில், உடன் வந்தோரை முன்னே செல்லுமாறு பணித்த பிறகே பந்தயம் நடந்தது என்றும் இருக்கிறது. ஆக, மூன்றாவது கண் அங்கே இல்லை. அன்னையார் வாய்திறந்து சொல்லியிராவிடில், தம் வெற்றியையும், அதன் பின் உடல் கனத்ததையும், தோல்வியையும் ஒளிக்காமல் சொல்லியிராவிடில், இந்தச் செய்தி நம்மை வந்தடைந்திராது. முஹத்திஸ்கள் அதனை ஏற்று எழுதினர்.

இங்கேதான் தந்தையரின் தயக்கத்துக்கு வருகிறோம். மகளின் படம் உலவுமே என்று அஞ்சுவோர், படக்குரல் முறையில் மகள் படத்தினுள் நிற்பதில்லை, படத்தின் பின்னால் நிற்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் காட்டுவது தன் முகத்தை அன்று, தான் காண்பதை. கதவில்லாத உடைமாற்றும் அறை, பையன்கள் மாலை முழுதும் பிடித்துக்கொண்ட திடல், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரையுள்ள விளக்கில்லாத தெரு, வாசலில் தந்தையின் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றிவைத்த ஓட்டக் காலணி, இவற்றில் எதிலும் ஒரு பெண்ணின் உருவம் வேண்டியதில்லை. பிறர் காமிராவின் முன் நம் பெண்கள் நிற்கக் கூடாது என்போர்க்கு, அவர்கள் கையில் காமிரா இருப்பதில் மறுப்பு எதற்கு?

குறையில்லாத முறை என்று இதனைப் புகழ நாம் வரவில்லை. நூறு படத்தில் பத்தைத் தேர்பவர் யார்? அதைத் தேர்பவர் கையில் மீண்டும் அதிகாரம் போய்ச் சேர்கிறது. ஆய்வேட்டில் பேராசிரியரின் பெயர் நிற்கிறது. படமெடுத்தவர்களின் பெயர் பல நேரம் மறைகிறது. அது சில வேளை பாதுகாப்புக்காக. சில வேளை மறதியால். கண்காட்சி திறந்துவைக்க வரும் பெரிய மனிதர்கள் தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுவதும் உண்டு. காரலைன் வாங் அவர்களே பின்னாளில், 2001-இல், இம்முறையின் ஒழுக்க நெறிகள் பற்றித் தனியே எழுத வேண்டியிருந்தது. படத்தில் தெரிபவரின் ஒப்புதல் வேண்டும். எடுத்தவர் விரும்பாத படம் வெளியே போகலாகாது. ஒருவரை இழிவுபடுத்தும் அல்லது ஆபத்துக்கு உள்ளாக்கும் படம் எடுக்கலாகாது என்பன அவற்றின் சாரம். ‘அமானத்’ என்ற ஒரு சொல்லை அறிந்தவர்களுக்கு இவற்றை நீளமாக விளக்க வேண்டியதில்லை.

நம் பெண்கள் பள்ளிகளின் ஆண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். விளையாட்டு விழாப் பக்கத்தில் கேடயம் கொடுப்பவரின் முகம் நடுவில் இருக்கும். வாங்கும் மாணவியின் தோளோ கையோ ஓரத்தில் தெரியும். கீழே தலைமை விருந்தினரின் பட்டங்கள் எல்லாம் பிழையின்றி அச்சாகியிருக்கும். ஓடியவளின் பெயர் இருக்காது. படம் எடுக்க இன்று காமிரா வாங்க வேண்டியதில்லை, கைபேசி போதும். பள்ளி நடத்தும் பெரியோர்களிடம் நாம் கேட்பது மலரில் நான்கு பக்கம். விளையாடும் மாணவியரிடம் ஒரு மாத காலம் கொடுத்து, தாம் காண்பதை எடுத்துவரச் சொல்லுங்கள். வட்டமாக அமர்ந்து அவர்களே பேசித் தேர்ந்தெடுக்கட்டும். படத்தின் கீழே வரும் வரிகளையும் அவர்களே எழுதட்டும். தமிழாசிரியர் சந்திப்பிழையை மட்டும் திருத்தலாம்.